இடுப்பில் கட்டிய இன்சுலின்

கச்சான் வீசத் தொடங்கினால் நிலாவெளிக் கடல் அடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் வெக்கையாகக் கிழக்கே இறங்கிவரும் காற்று அது. கரையை வறுத்தெடுக்கும், அலை மட்டும் தணிந்து கிடக்கும். புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும் மாதங்களும் இவைதான். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூட விடுமுறை விழுவதும் இந்தக் காலத்தில்தான். ஊருக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவரின் இடுப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்றும், அதிலிருந்து சட்டைக்குள் போகும் மெல்லிய குழாயும் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “இது தானாகவே சீனியைப் பார்த்து மருந்து விடுமோ?”

சாதாரண இன்சுலின் பம்ப் அப்படி எதுவும் செய்யாது. மணிக்கு எவ்வளவு என்று சொல்லிவைத்தால் அவ்வளவை விடும். சாப்பாட்டுக்கு முன் எத்தனை என்று அழுத்தினால் அத்தனையையும் விடும். சாப்பிட்டது புட்டா, பாணா, ஒன்றுமே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. குழாய் கழன்று இன்சுலின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தாலும் அது தன் பாட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே பம்ப்புக்கு மாறும் ஒருவர் முதலில் கற்க வேண்டியது எந்தப் பொத்தான் எங்கே என்பதை அல்ல. இதுவரை வைத்தியரும் ஊசியும் சேர்ந்து பார்த்துவந்த கணக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ளத்தான் அவர் பழக வேண்டும்.

யாருக்கு இந்தப் பெட்டி என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. நம் ஊர்களில் சலரோகம், சீனி வருத்தம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இரண்டாம் வகை நீரிழிவு. நடையும் உணவுக் கட்டுப்பாடும் குளிசையும் அதற்கு வழி; சிலருக்குப் பின்னாளில் ஊசியும் வேண்டிவரும். முதலாம் வகை வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியின் சிறுதீவுகளில் இருக்கும் இன்சுலின் கலங்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ அது தலைகாட்டும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் உயிர் தங்காது. பம்ப் முக்கியமாக இவர்களுக்கானது.

இன்சுலினின் கதை தொடங்கியதும் இன்று ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில்தான். 1921இல் பிரெடரிக் பான்ரிங்கும் சார்ள்ஸ் பெஸ்ற்றும் நாயின் சதையியிலிருந்து சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு சுத்தமில்லாததால் பலன் சரியாகக் கிட்டவில்லை. ஜேம்ஸ் கொலிப் அதைச் சுத்தம்செய்து கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசி வேலை செய்தது. மரணத்தின் வாசலில் கிடந்த பையன் அதற்குப் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆனால் ஊசி ஒரு குறையோடுதான் பிறந்தது. நலமான சதையி நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக இன்சுலினைக் கசியவிடும். சாப்பாடு உள்ளே போனதும் சட்டென்று ஒரு பெருக்கு விடும். ஊசியால் அந்தத் தாளத்தை முழுதாகப் பிடிக்க முடியாது. இந்த இடைவெளியை அடைக்க 1960களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னல்ட் கடிஷ் ஒரு கருவி செய்தார். முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டிய அளவு பெரிய கருவி அது. யாரும் அதை அன்றாடம் கட்டிக்கொண்டு திரிந்திருக்க முடியாது. 1970களில் அமெரிக்காவில் டீன் கமென் உடலில் அணியக்கூடிய சிறு பம்ப் ஒன்றைச் செய்தார். 1978இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையில் ஜோன் பிக்கப்பும் ஹரி கீனும், தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்தி இரத்தச் சீனியை இயல்பு நிலைக்கு அருகில் வைத்திருக்கலாம் என்று காட்டினார்கள். இன்றைய பம்ப்கள் அந்த வழியில் வந்தவைதான்.

இன்றைய பம்ப்பின் நுட்பம் அது விடும் அளவின் சிறுமையில் இருக்கிறது. வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிற். அதாவது ஒரு யூனிற் என்பது மில்லிலீற்றரில் நூறில் ஒரு பங்கு. சில பம்ப்கள் 0.025 யூனிற் வரை பிரித்து விடும். அது கண்ணுக்கு ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் மணிக்கு 0.1 யூனிற் வேண்டும் என்றால், எந்த ஊசியாலும் அந்த அளவை விடமுடியாது. பம்ப்பால் முடியும். பெட்டிக்குள் இருக்கும் குப்பியில் பொதுவாக 180 அல்லது 300 யூனிற் கொள்ளும். குழாயின் நுனியில் இருப்பது தோலுக்கடியில் சில மில்லிமீற்றர் மட்டும் போகும் மென்மையான பிளாஸ்ரிக் நுனி. வயிற்றிலோ தொடையிலோ ஒட்டிவைத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஏற்றினால் அங்கே கொழுப்புக் கட்டி எழும்பும். இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது.

இனிக் கணக்கு. நாளொன்றுக்கு ஊசியாக 40 யூனிற் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பம்ப்பில் இன்சுலின் சீராகப் போவதால் மொத்தம் குறைந்தே தேவைப்படும். பல வைத்தியர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைத்துத்தான் தொடங்குவார்கள். ஆக 32 யூனிற். அதில் ஏறத்தாழ பாதி, 16 யூனிற், நாள் முழுவதும் கசிய வேண்டிய அடிப்படை அளவு. 24 மணியால் வகுத்தால் மணிக்கு 0.67. மிச்சப் பாதி சாப்பாட்டுக்கு. 500ஐ 32ஆல் வகுத்தால் 15 அல்லது 16 வரும். ஒரு யூனிற் அவ்வளவு கிராம் மாப்பொருளைச் சமாளிக்கும் என்பது தொடக்க ஊகம். 1800ஐ 32ஆல் வகுத்தால் 56. ஒரு யூனிற் இரத்தச் சீனியை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ அத்தனை மில்லிகிராம் இறக்கும். இவை உலகெங்கும் புழங்கும் தோராய விதிகள். வீட்டில் இருந்தபடி தாளில் வகுத்துத் தானே தொடங்கிவிடக்கூடாது. வைத்தியர் பார்த்துக் குறித்துத் தருவதற்கு இவை ஒரு படி, அவ்வளவுதான்.

இந்த எண்கள் முதல் வாரத்திலேயே மாறும். அடிப்படை அளவு சரியா என்று பார்க்க ஒருநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து, மணிக்கு மணி சீனியைக் குத்திப் பார்க்க வேண்டும். வயிறு வெறுமையாக இருக்கும்போது சீனி பெரிதாக ஏறாமலும் இறங்காமலும் நின்றால் அந்த நேரத்துக் கசிவு சரி. இன்னொரு நாள் மதியம், மற்றொரு நாள் இரவு. இரவுதான் கடினம். நித்திரையைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழும்பிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் உடலில் சுரக்கும் வேறு ஹோர்மோன்கள் சீனியை ஏற்றிவிடுவதால், பலருக்கு அந்தச் சில மணிநேரம் கசிவைக் கூட்டிவைக்க வேண்டியிருக்கும். நேரத்துக்கு நேரம் அடிப்படையைக் கூட்டிக் குறைப்பது நாளுக்கு ஒரு தடவை போடும் நீண்டநேர ஊசியால் ஆகாத காரியம். கந்தசஷ்டி விரதம் இருப்பவருக்கும் நோன்பு பிடிப்பவருக்கும், வைத்தியரின் சம்மதத்தோடு பட்டினி மணிநேரங்களில் கசிவைக் குறைத்துவைக்கலாம் என்பது சிறிய சலுகை அல்ல.

அடிப்படை சரியான பிறகே சாப்பாட்டுக் கணக்கு. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள். 180 கிராம் சோறு போட்டுக்கொண்டால் 50 கிராம். நாம் எடுத்துக்கொண்டவருக்கு அது 3.2 யூனிற். ஊசியில் 3 என்றோ மூன்றரை என்றோ போட்டிருப்பார், பம்ப்பில் 3.2 என்றே போடலாம். ஆனால் அந்தத் துல்லியத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் சோற்றை நிறுக்க வேண்டும். சமையலறையில் சிறிய தராசு ஒன்று இல்லாமல் பம்ப் தொடங்குவது வீண். இடியப்பம் வீட்டுக்கு வீடு பருமன் மாறும். புட்டில் தேங்காய்ப்பூ எவ்வளவு என்பது கைக்குக் கை மாறும். ஒரு வாரம் நிறுத்துப் பழகினால் கண்ணே தராசாகிவிடும் என்று பழகியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் சாப்பாட்டில் இன்னொரு சிக்கல் தேங்காய்ப்பால். கொழுப்பு வயிற்றைத் தாமதமாகக் காலிசெய்யும். கெட்டிச் சொதியோடு இடியப்பம் சாப்பிட்டவருக்குச் சீனி உடனே ஏறாமல் இரண்டு மணி கழித்து ஏறலாம். முழு அளவையும் முதலிலேயே விட்டால் நடுவில் இறங்கிவிடும், பிறகு ஏறும். பம்ப்பில் பாதியை இப்போதும் மீதியை அடுத்த இரண்டு மணிநேரத்தில் மெதுவாகவும் விடும்படி சொல்ல முடியும். பீட்சாவுக்காகப் புகழ்பெற்ற இந்த வசதி சொதிக்கும் பொருந்தும். பனங்கட்டி ‘இயற்கை’ என்பதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நம்மிடையே ஊறிப்போன பிழை. அதிலும் பெரும்பகுதி சீனிதான்.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கட்டுரையில் கூடுதல் இடம் வேண்டும்.

ஊசி போடுபவரின் தோலுக்கடியில் எப்போதும் நீண்டநேர இன்சுலின் ஓர் இருப்பாகக் கிடக்கும். ஒருவேளை சாப்பாட்டு ஊசியை மறந்தாலும் அது தாங்கிப்பிடிக்கும். பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலைசெய்து வேகமாக முடிந்துவிடும் இன்சுலின் மட்டும். அதன் பலன் நான்கைந்து மணிநேரத்தில் தேய்ந்துவிடும். இருப்பு என்று எதுவும் இல்லை. குழாயின் நுனி மடங்கினாலோ, ஒட்டு கழன்றாலோ, குழாய்க்குள் பெரிய காற்றுக்குமிழி ஒன்று நின்றாலோ, சில மணிநேரத்தில் உடல் இன்சுலினே இல்லாத நிலைக்குப் போய்விடும். சக்திக்காகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீற்றோன் என்னும் அமிலக் கழிவு சேரும், இரத்தம் அமிலமாகும். தாகம், வாந்தி, வயிற்றுநோ, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு. பிந்தினால் உயிராபத்து.

விடுமுறை வீட்டில் இது எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை மத்தியானம் வாந்தியெடுக்கிறது. “சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை, வெயிலும் பட்டிட்டுது” என்று பாட்டி கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். எந்த வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். பம்ப் கட்டிய பிள்ளையின் விடயத்தில் அந்த ஊகம் ஆபத்தானது. வாந்தி என்றால் முதலில் சீனியும் கீற்றோனும் பார்க்க வேண்டும். சீனி டெசிலீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டி, பம்ப் வழியே கொடுத்த திருத்த அளவுக்கும் இறங்கவில்லை என்றால் பம்ப்பை நம்பக்கூடாது. திருத்த இன்சுலினைச் சாதாரண ஊசியால் போட்டுவிட்டு, நுனி, குழாய், குப்பி எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும். கீற்றோன் கூடுதலாக இருந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். நிலாவெளியிலிருந்து அது 15 கிலோமீற்றரளவு தூரம். ஓட்டோவில் போனாலும் சீக்கிரம் சேர்ந்துவிடலாம். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் உயிரோடு விளையாடுவது.

நுனியை மாற்றுவதைக் காலையில் செய்யச் சொல்வதும் இதனால்தான். மாற்றி இரண்டு மூன்று மணிநேரத்தில் சீனியைப் பார்த்தால் ஏற்றியது வேலைசெய்கிறதா என்று தெரிந்துவிடும். படுக்கப்போகும் நேரத்தில் மாற்றினால் பிழை நித்திரைக்குள் வளரும். குளிரூட்டியிலிருந்து எடுத்த கையோடு இன்சுலினைக் குப்பியில் நிரப்பக்கூடாது என்பதும் இதே பாடத்தின் ஒரு பகுதி. குளிர்ந்த திரவம் சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும்; அந்தக் குமிழி குழாயில் போய் இன்சுலினின் இடத்தைப் பிடிக்கும். தொடங்கும் முன் சில நாட்கள் இன்சுலினுக்குப் பதில் உப்புநீரை நிரப்பிப் பழக்கும் கிளினிக்குகள் உண்டு. பிழைவிட்டுக் கற்க அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

வெக்கைக்கும் தனியாக ஒரு கணக்கு உண்டு. பம்ப்பில் பயன்படும் வேக இன்சுலின்களில் சிலவற்றுக்கு 37 பாகை செல்சியஸ் மேல் எல்லை. கச்சான் காலப் பகலில் திருகோணமலையின் நிழல் வெப்பமே 35 பாகையளவுக்கு வரும். உடலோடு ஒட்டிய குழாய்க்கு உடலின் சூடும் சேரும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ படகின் பலகையிலோ வைத்த பம்ப் எல்லையை மிக எளிதாகத் தாண்டிவிடும். இன்சுலின் கெட்டுப்போனால் நிறம் மாறாமலே இருக்கலாம். சீனி ஏறிய பின்தான் தெரியவரும். அதனால் வெக்கை நாட்களில் குப்பியையும் நுனியையும் குறித்த நாளுக்கு முன்பே மாற்றுவது புத்தி.

வீட்டில் இருக்கும் மேலதிக இன்சுலினுக்கு மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்பானைக்குள் இன்னொரு பானை வைத்து இடையே ஈரமணல் நிரப்பும் பழைய முறையை வெப்ப நாடுகளில் இன்சுலின் வைக்கச் சோதித்திருக்கிறார்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காற்று உலர்ந்திருந்தால் நன்றாகக் குளிரும். ஈரமாக இருந்தால் அவ்வளவு குளிராது. நிலாவெளியில் கச்சான் வீசும்போது பானை கைகொடுக்கும், வாடைக்காற்றும் மாரிமழையுமான மார்கழியில் குறைவாகவே உதவும். இன்னொரு ஆறுதலும் உண்டு: கென்யாவின் டகஹலே அகதிமுகாமை வைத்து ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37க்கும் இடையில் ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் குப்பிகள் குளிரில் வைத்தவற்றைப் போலவே திறனோடு இருந்தன. வெயிலில் கிடந்த குப்பிக்கு இது உத்தரவாதம் அல்ல. வீட்டின் நிழலில் பானைக்குள் இருந்த குப்பியை நினைத்துப் பதற வேண்டியதில்லை என்பதற்கு மட்டும் இது சான்று.

கடலுக்கு இறங்கும்போது பம்ப்பைக் கழற்றலாம். நுனி உடலிலேயே இருக்கும். மூடி போட்டுவிட்டால் போதும். ஆனால் இருப்பு இல்லை என்ற பாடம் இங்கேயும் தொடரும். ஒரு மணிநேரம்வரை கழற்றிவைக்கலாம் என்பது பொதுவான வழக்கம். புறாத்தீவுக்குப் படகேறிப் போய்ப் பவளப்பாறையைப் பார்த்துத் திரும்புவதற்கு அதைவிட நேரமாகும். இடையில் கரையேறிக் குத்திப் பார்த்து, வேண்டிய சிறு அளவை விட்டுவிட்டு மறுபடி கழற்ற வேண்டும். நீச்சல் சீனியை இறக்கவும் செய்யும். இறங்கினால் 15 கிராம் சீனி வேண்டும்: தண்ணீரில் கரைத்த மூன்று நான்கு தேக்கரண்டி, அல்லது குளுக்கோஸ் மாவு. யாராவது அன்போடு இளநீர் வெட்டித் தருவார்கள். 100 மில்லிலீற்றர் இளநீரில் நான்கைந்து கிராம் சீனிதான். அவசரத்துக்கு அது போதாது; சீனி ஏறிய பிறகு குடிக்கலாம்.

விமானத்திலேயே ஒரு சங்கதி தொடங்கிவிடுகிறது. மேலேறும்போது அறையின் அழுத்தம் குறைவதால் குப்பியில் காற்றுக்குமிழி உண்டாகி, குழாய் வழியே ஒன்றிரண்டு யூனிற் கூடுதலாகத் தள்ளப்படலாம் என்று அவுஸ்திரேலியாவின் புரூஸ் கிங் குழுவினர் 2011இல் காட்டினார்கள். பெரியவருக்கு அது சின்ன விடயம்; 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அல்ல. ஏறும்போது கழற்றி, உயரம் சீரானதும் குமிழியைப் போக்கி மாட்டுவது அவர்கள் சொன்ன வழி. இறங்கிய பிறகு கடிகாரத்தை மாற்ற மறக்கக்கூடாது. கோடையில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணிநேர வித்தியாசம். மாற்றாவிட்டால் விடிய நான்கு மணிக்கென்று கூட்டிவைத்த கசிவு நிலாவெளியில் பிற்பகல் ஒன்றரைக்கு ஓடும். பிள்ளை அந்த நேரம் கடலில் நிற்கும்.

இத்தனை தொல்லைக்கும் பலன் எவ்வளவு? பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான ‘ரிப்போஸ்’ ஆய்வு இதற்கு நேர்மையான பதிலைத் தருகிறது. முதலாம் வகையினர் 317 பேரைச் சேர்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள்: மாப்பொருள் எண்ணுவது, அளவைத் திருத்துவது, பிழை பிடிப்பது. பாதிப்பேர் பம்ப்புக்கும் பாதிப்பேர் ஊசிக்கும் போனார்கள். இரண்டாண்டு கழித்து இரு பகுதியாரின் சராசரிச் சீனியும் முன்பைவிட நன்றாக இருந்தது. அவர்களுக்கிடையிலான வித்தியாசம் சிறியது, புள்ளியியல் ரீதியில் உறுதியானதும் அல்ல. ஆதாயத்தின் பெரும்பகுதியைத் தந்தது பயிற்சி.

இலங்கையில் அரச வைத்தியசாலைகள் இன்சுலினை இலவசமாகத் தருகின்றன. பம்ப்பும் அதன் குழாய்களும் எல்லோர் கைக்கும் எட்டுவன அல்ல. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2006இல் பிள்ளைகளுக்கும் 2008இல் பெரியவர்களுக்கும் பம்ப் செலவை ஏற்கத் தொடங்கியது. தோலடி உணரி சொல்லும் சீனியைப் பார்த்துக் கசிவைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்ப்புக்கு அமெரிக்கா 2016இல் முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அப்படிப்பட்டவற்றை முதலாம் வகையினருக்குப் பரவலாகக் கொடுக்க இங்கிலாந்து 2023 டிசம்பரில் முடிவெடுத்தது. இது தானாகவே மருந்து விடுமோ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு அரை ஆம் என்ற பதில் இங்கேதான் வருகிறது. அரை என்பதன் காரணம், அவற்றுக்கும் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவற்றின் குழாயும் மடங்கும். பம்ப் எட்டாத நிலாவெளிப் பிள்ளைக்கு, தராசும் கணக்கும் ஒழுங்காகக் குத்திப் பார்க்கப் பட்டிகளும் கிடைத்தாலே ‘ரிப்போஸ்’ காட்டிய ஆதாயத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். கிளினிக்குகளில் கேட்டுப் போராடிப் பெற வேண்டியவற்றில் முதலிடம் அந்தப் பயிற்சிக்குத்தான்.

பம்ப் வந்த வீட்டில் பழைய ஊசியை எறியக்கூடாது. கருவி பழுதாகும் நாளுக்காக நீண்டநேர இன்சுலின் ஒன்று குளிரூட்டிக்குள்ளும், ஊசிகளும் கீற்றோன் பட்டிகளும் அதற்குப் பக்கத்தில் ஒரே பெட்டியிலும் இருக்க வேண்டும். பம்ப்பில் பதிந்த எண்கள் கருவியோடு அழிந்துபோகக்கூடும். ஆகவே மணிக்கு எவ்வளவு, ஒரு யூனிற்றுக்கு எத்தனை கிராம், பம்ப் இல்லாவிட்டால் நீண்டநேர ஊசி எத்தனை என்பவற்றைத் தமிழில் தாளில் எழுதி அந்தப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்க வேண்டும், பாட்டியும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில்.